தகப்பன் கையெழுத்து

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு பாதைகள் உண்டு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுவது சுற்றுலாக்காரர்கள் போகும் பாதை. அயோத்தியாப்பட்டணம் பக்கம் திரும்பிக் குப்பனூர் வழியாக ஏறினால் கொட்டச்சேடு வரும். காப்பித் தோட்டமும், மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுமாக இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையின் பூர்வகுடிகள் மலையாளிகள். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இவர்கள் தமிழ் பேசும் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்த மூன்று சகோதரர்களின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. சேலம் மாவட்டத்தில் அட்டவணைப் பழங்குடியினர் பட்டியலில் இருப்பவர்கள்.

அந்தப் பட்டியலால் ஒரு விளைவு உண்டு. இது பலருக்குத் தெரியாது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டாலொழிய அட்டவணைப் பழங்குடியினருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் 2-ஆவது பிரிவே சொல்கிறது. கொட்டச்சேட்டில் ஒரு மலையாளிக் குடும்பத்துப் பிள்ளையை இன்னொரு வீட்டுக்குத் தத்துக் கொடுத்தால், பெற்ற தகப்பனைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டுமா, கேட்காமல் கொடுத்தால் செல்லுமா என்ற கேள்விக்கு அந்தச் சட்டப் புத்தகத்தில் பதில் கிடையாது. வழக்கம்தான் சட்டம். பட்டக்காரரும் மூப்பனும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடித்தது வழக்கம். விவகாரம் கீழே இறங்கிக் கோர்ட்டுக்கு வந்தால், வழக்கம் இப்படித்தான் என்று சொல்கிறவரே அதைச் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லாத ஊரில் அது லேசான காரியமல்ல.

பழங்குடித் தகப்பன் ஒருவனுக்குச் சட்டம் விலக்கு அளிப்பது ஒன்று, காவல் நிற்பது வேறொன்று. அமெரிக்காவில் இரண்டாவதைச் செய்து பார்த்தார்கள். செவ்விந்தியக் குழந்தைகள் கூட்டம் கூட்டமாக வெள்ளையர் வீடுகளுக்குத் தத்துப் போவதைத் தடுக்க 1978-இல் அங்கே ஒரு தனிச் சட்டம் வந்தது. செரோக்கி இனத்தைச் சேர்ந்த ராணுவ வீரர் ஒருவர் ஈராக் போருக்குப் புறப்படும் நேரத்தில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். குழந்தையைத் தாயின் பொறுப்பில் விடுவதாகத்தான் அவர் நினைத்திருந்தார். குழந்தையோ பிறந்த உடனேயே தென் கரோலினாத் தம்பதி ஒன்றுக்குத் தத்துப் பேசப்பட்டு, அவர்கள் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. விஷயம் புரிந்ததும் அவர் வழக்குத் தொடுத்தார். மாநில நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றன. குழந்தை அவர் கைக்கு வந்தது. 2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஒரு நாள்கூடத் தன் பொறுப்பில் வைத்து வளர்த்திராத தகப்பனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்பது அதன் சாரம். செப்டம்பரில் குழந்தை திரும்பவும் தென் கரோலினாவுக்குப் போனது.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் திரும்பப் பெற நினைத்த தகப்பன்கள் நம் பக்கத்திலும் உண்டு. அவர்களில் மிகப் பெரிய வழக்கை நடத்தியவர் சென்னை அடையாற்றில் வாழ்ந்த ஒரு ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர். அவரிடம் வருவதற்கு முன், அவர் காலத்துச் சட்டம் தகப்பனை எந்த இடத்தில் வைத்திருந்தது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

பழைய இந்து சாஸ்திரப்படி தத்து என்பது கொடுப்பதும் வாங்குவதும். கொடுப்பவர் தகப்பன். பெற்றவளின் சம்மதம் இல்லாமலே அவர் கொடுக்கலாம். அவர் உயிரோடு, சித்த சுவாதீனத்தோடு இருக்கும்வரை அவர் சம்மதம் இல்லாமல் அவள் கொடுக்க முடியாது. தாய் தகப்பன் தவிர வேறு யாரும், தாத்தாவோ அண்ணனோ, கொடுக்கவே முடியாது. இதன் விபரீத விளைவு, அநாதைப் பிள்ளையைத் தத்தெடுக்க முடியாமல் போனது. கொடுக்க ஆள் இல்லையே. யாருக்கு வீடு மிகவும் தேவையோ அந்தப் பிள்ளைக்குத்தான் சட்டம் கதவைச் சாத்தியிருந்தது. 1956-க்குப் பிறகுதான், அதிலும் 1962-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகுதான், கைவிடப்பட்ட குழந்தைகளையும் பாதுகாவலர் நீதிமன்ற அனுமதியோடு கொடுக்கலாம் என்று தெளிவானது.

அந்தக் காலத் தத்து வழக்குகளில் குழந்தையைத் தேடினால் கிடைக்காது. சொத்துதான் கிடைக்கும். ராமநாதபுரம் சமஸ்தானத்தில் ஆண் வாரிசு இல்லாமல் சேதுபதி காலமானார். ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் முத்துராமலிங்கத்தைத் தத்தெடுத்தார். இறந்த கணவர் உயிரோடிருந்தபோது சம்மதம் கொடுத்தாரா, கொடுக்காவிட்டால் அவருடைய பங்காளிகளின் சம்மதம் போதுமா என்ற கேள்வி லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1868-இல் பங்காளிகள் சம்மதம் போதும் என்று தீர்ப்பு வந்தது. தத்துப் பிள்ளைக்குத் தகப்பனாகப் போகிறவர் செத்த பிறகும் அவர் சம்மதத்தை யாரிடம் வாங்குவது என்று ஒரு சாம்ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் உட்கார்ந்து யோசித்திருக்கிறது. 1899-இல் சென்னை மாகாணத்திலிருந்தே போன இன்னொரு வழக்கில், ஒரே மகனாக இருந்தாலும் தகப்பன் தத்துக் கொடுக்கலாம், செல்லும் என்றது பிரிவி கவுன்சில். சாஸ்திரம் கூடாது என்று சொன்னது அறிவுரைதானே தவிரத் தடை அல்ல என்பது நீதிபதிகளின் வாதம். இப்படித் தகப்பனின் கொடுக்கும் உரிமை விரிந்துகொண்டே போனது. கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் உரிமை உண்டா என்று கேட்கத்தான் ஒருவரும் வரவில்லை. தத்து என்றால் போனது போனதுதான், கொடுத்தால் முடிந்தது.

கேட்க வந்தவர் ஜிட்டு நாராயணையா. மதனப்பள்ளியைச் சேர்ந்த தெலுங்குப் பிராமணர். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1882 முதல் பிரம்மஞான சபையின் உறுப்பினர். மனைவி சஞ்சீவம்மா 1905-இல் இறந்துவிட்டார். சம்பளத்தில் பாதியாகக் குறைந்த ஓய்வூதியத்தில் பையன்களோடு திண்டாடிக்கொண்டிருந்தவர், அடையாற்றில் சபையின் தலைமையகத்தில் ஒரு வேலையும் ஒண்ட இடமும் கேட்டுச் சபைத் தலைவர் அன்னி பெசன்டுக்கு எழுதினார். முதலில் பெசன்ட் ஒப்பவில்லை. பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது, பையன்கள் வந்தால் ஆசிரம அமைதி கெடும் என்பது அவர் கவலை. நாராயணையா விடவில்லை. 1909 ஜனவரியில் நான்கு மகன்களோடு அடையாறு வந்து, சபை வளாகத்துக்கு வெளியே பாழடைந்த ஒரு சின்ன வீட்டில் குடியேறினார்.

சில மாதங்களில், அடையாற்றுக் கழிமுகத்தில் குளிக்கப் போன, சபையின் முக்கியஸ்தர் சி.டபிள்யூ. லெட்பீட்டரின் கண்ணில் பையன்களில் ஒருவன் பட்டான். எலும்பும் தோலுமாக இருந்த பதினான்கு வயதுப் பையன். மயிலாப்பூரில் பள்ளிக்கூடத்துக்குப் போவான், பாடம் ஏறாது, தினமும் அடி வாங்கி வருவான். ஊரே மந்தம் என்று சொன்ன அந்தப் பையனைச் சுற்றி அற்புதமான ஒளிவட்டம் தெரிகிறது என்றார் லெட்பீட்டர். வரப்போகும் ஜகத்குரு இந்த உடம்பில்தான் இறங்குவார் என்று சபைக்குள் பேச்சு பரவியது. அந்தப் பையன்தான் பின்னாளில் ஜே. கிருஷ்ணமூர்த்தி.

பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். தம்பி நித்யானந்தனையும் கூடச் சேர்த்துக்கொண்டார்கள். சிகை போய்க் கிராப்பு வந்தது. ஆங்கில முறைக் குளியல், ஓட்ஸ் கஞ்சி, சைக்கிள், டென்னிஸ், ஆங்கிலப் பேச்சு. தகப்பன் வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் பிள்ளைகள் அங்கே சாப்பிடுவது குறைந்து, படுப்பது குறைந்து, பார்க்கப் போவதே குறைந்தது. 1910 மார்ச் 6-ஆம் தேதி நாராயணையா ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார். தன் மகன்கள் கிருஷ்ணமூர்த்திக்கும் நித்யானந்தனுக்கும் பெசன்ட் அம்மையாரைப் பாதுகாவலராக நியமிப்பதாகவும், தன் இடத்தில் இருந்து எல்லாம் செய்ய அவருக்கு அதிகாரம் தருவதாகவும் அதில் இருந்தது. ஹோமம் இல்லை, கொடுத்து வாங்கும் சடங்கு இல்லை. சட்டப்படி அது தத்து அல்ல. ஆனால் நடந்ததெல்லாம் தத்துக்கு ஒப்பானதுதான். பிள்ளைகள் வேறு வீடு, வேறு உணவு, வேறு மொழிக்குப் போய்விட்டார்கள். பெசன்டை அம்மா என்றே அழைத்தார்கள்.

நாராயணையாவைத் தியாகியாக வரைவதும் சரியாகாது. மகன் உலகுக்கே குருவாகப் போகிறான் என்றபோது அவருக்கும் பெருமைதான். சபையின் தயவில் பிழைப்பும் ஓடியது. கசப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. லெட்பீட்டர்மேல் பழைய குற்றச்சாட்டு ஒன்று இருந்தது. சிறுவர்களுக்குப் பாலியல் விஷயத்தில் தகாத யோசனை சொன்னதாகப் புகார் எழுந்து, 1906-இல் சபையிலிருந்து விலகி, இரண்டு வருஷத்துக்குப் பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டவர் அவர். தன் பிள்ளைகளை அந்த மனிதரின் நிழல்கூடப் படாமல் வைக்க வேண்டும் என்று நாராயணையா கேட்டார். 1912 ஜனவரியில் பையன்களைப் படிப்புக்காக இங்கிலாந்து அழைத்துப்போக ஒரு சம்மதக் கடிதமும் கொடுத்தார். லெட்பீட்டர் கிட்டே வரக் கூடாது என்ற நம்பிக்கையில் கொடுத்த சம்மதம் அது. பிப்ரவரியில் கப்பல் ஏறினார்கள். அந்த வசந்த காலத்தில் இத்தாலியின் தவோர்மினாவில் பையன்களும் லெட்பீட்டரும் ஒரே இடத்தில் தங்கினார்கள்.

செய்தி அடையாற்றுக்கு எட்டியது. ஜூலையில் நாராயணையா எழுதினார்: நான் கொடுத்த அதிகாரத்தை ரத்து செய்கிறேன், பிள்ளைகளைத் திருப்பிக் கொடுங்கள். பதில் சாதகமாக இல்லை. அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. அங்கிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றம். தகப்பன் தரப்பில் நின்றவர் இளம் வக்கீல் சி.பி. ராமசாமி ஐயர். எதிர்த்தரப்பில் வக்கீலே இல்லை. அறுபத்தைந்து வயதுப் பெசன்ட் தானே எழுந்து நின்று தனக்காக வாதாடினார். சென்னைப் பத்திரிகைகளுக்கு அந்த 1913 மார்ச்சும் ஏப்ரலும் நல்ல விருந்து. பிற்பாடு நீதிக்கட்சியின் தலைவர்களில் ஒருவரான டாக்டர் டி.எம். நாயர், தன் மருத்துவப் பத்திரிகையில் லெட்பீட்டரைக் கிழித்து எழுதியிருந்தார். பெசன்ட் தொடுத்த அவதூறு வழக்கில் ஜெயித்தவரும் நாயர்தான்.

பெசன்ட் நின்ற அந்த இடத்துக்கு ஒரு முன்கதை உண்டு. சென்னையில் அதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்களோ. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் லண்டனிலும் அவர் இப்படித்தான் வக்கீல் இல்லாமல் தானே வாதாடினார். அப்போது அவர் தாய். எதிரில் நின்றவர் தகப்பன், அவருடைய கணவர், பாதிரியார் ஃபிராங்க் பெசன்ட். 1873-இல் இருவரும் பிரிந்தபோது எழுதிக்கொண்ட ஒப்பந்தப்படி மகன் டிக்பி தகப்பனோடும் மகள் மேபல் தாயோடும் இருக்க வேண்டும். தகப்பன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது. 1877-இல் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிய ஒரு புத்தகத்தைச் சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து வெளியிட்டதற்காக அன்னி பெசன்ட் மேல் ஆபாச வழக்கு வந்தது. போதாக்குறைக்கு நாத்திகர் வேறு. அடுத்த வருஷமே ஃபிராங்க், இப்படிப்பட்ட தாயிடம் என் மகள் வளரக் கூடாது என்று நீதிமன்றம் போனார். நீதிபதி ஜார்ஜ் ஜெசல் தகப்பன் பக்கம் தீர்ப்பளித்தார். எட்டு வயதுகூட நிரம்பாத மேபலைத் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு போனார்கள். மேல்முறையீடும் உதவவில்லை. மேபலும் டிக்பியும் பெரியவர்களானதும் தாமாகவே தாயிடம் வந்து சேர்ந்தார்கள் என்பது பிற்பாடு நடந்தது.

ஒப்பந்தம் கையில் இருந்தும் தகப்பன் திரும்பக் கேட்டால் சட்டம் கொடுத்துவிடும் என்பதைத் தன் மகளைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டவர், இப்போது இன்னொரு தகப்பனின் கையெழுத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடினார். அவர் உண்மையிலேயே அந்தப் பையன்களை நேசித்தார் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த லண்டன் அறையை அவர் மறந்திருக்க முடியுமா என்ன?

1913 ஏப்ரல் 15-ஆம் தேதி நீதிபதி பேக்வெல் தீர்ப்புச் சொன்னார். லெட்பீட்டர்மேல் நாராயணையா சாட்டிய மிக மோசமான குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனால் அவருடைய கருத்துகள் ஒழுக்கக்கேடானவை, சிறுவர்களுக்கு ஆசிரியராக இருக்க அவர் தகுதியற்றவர். பையன்கள் நீதிமன்றத்தின் பாதுகாப்பில் உள்ளவர்களாக அறிவிக்கப்பட்டார்கள். மே 26-க்குள் அவர்களைத் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. செலவுத் தொகையை மட்டும் ஜெயித்த தகப்பன் தலையில் கட்டினார், நிரூபிக்க முடியாததைச் சொன்னதற்காக. பெசன்ட் மேல்முறையீடு செய்தார். தலைமை நீதிபதி சர் சார்லஸ் ஆர்னால்டு வைட்டும் நீதிபதி ஓல்டுஃபீல்டும் அக்டோபரில் தகப்பன் பக்கமே நின்றார்கள். பையன்களோ இங்கிலாந்தில். யாராவது கடத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்று சபையார் அவர்களைக் கண்ணில் வைத்துக் காத்தார்கள்.

பெசன்ட் லண்டன் போனார். 1914 மே 25-ஆம் தேதி பிரிவி கவுன்சிலில் லார்டு பார்க்கர் வாசித்த தீர்ப்பு, சென்னையின் இரண்டு தீர்ப்புகளையும் தூக்கிப் போட்டது. காரணம் வேடிக்கையானது: பையன்கள் இருப்பது இங்கிலாந்தில், செங்கல்பட்டு எல்லைக்குள் சாதாரணமாக வசிக்காத பிள்ளைகளைப் பற்றி அங்கே வழக்குப் போட்டதே தவறு. இன்னொரு காரணம் கனமானது: இந்த வழக்கில் அந்தப் பையன்களை யாருமே கேட்கவில்லை. ஒருவனுக்கு அப்போது பத்தொன்பது வயது, மற்றவனுக்குப் பதினாறு. அவர்கள் சார்பில் ஆள் இல்லை, அவர்கள் விருப்பம் என்ன என்று விசாரணையே இல்லை. பேசத் தெரிந்த இரண்டு இளைஞர்களை மூட்டை முடிச்சுபோல ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்ற உத்தரவிட்டிருந்தார்கள்.

அதே தீர்ப்பில் தகப்பனைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. இந்து சட்டப்படி தகப்பன் தன் பிள்ளைகளின் இயற்கைப் பாதுகாவலர். அந்தப் பொறுப்பு புனிதமான நம்பிக்கைப் பொறுப்பு. ஆகையால் உயிரோடு இருக்கும்போது தன் இடத்தில் இன்னொருவரை உட்காரவைக்க அவரால் முடியாது. வளர்ப்பையும் படிப்பையும் வேறு ஒருவரிடம் ஒப்படைக்கலாம். நினைத்தபோது அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் அந்த ஒப்படைப்பை நம்பிப் பிள்ளைகளின் வாழ்க்கை வேறு திசையில் போய்விட்டிருந்தால், திரும்பப் பெறுவது அவர்களுக்கு நல்லதா என்று நீதிமன்றம் பார்க்கும். இந்திய நீதிமன்றங்கள் இன்றுவரை எடுத்தாளும் வரிகள் இவை. நாராயணையா கேட்டது சரி என்று சட்டம் சொன்னது. பிள்ளைகள் மட்டும் கிடைக்கவில்லை.

பத்து வருஷம் கழித்து, 1924-இல் அவர் இறந்தார். அதற்கு முன்பு மகன்கள் இந்தியா வந்தபோது தகப்பனைப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே நித்யானந்தன் அமெரிக்காவில் காசநோயால் இறந்தார். 1929 ஆகஸ்டில் ஹாலந்தின் ஓமனில், தனக்காக உருவாக்கப்பட்ட அமைப்பைக் கிருஷ்ணமூர்த்தியே கலைத்துவிட்டார். வழக்கில் தகப்பனுக்காக வாதாடிய சி.பி. ராமசாமி ஐயர், ஓரிரு வருஷத்திலேயே பெசன்டின் ஹோம் ரூல் இயக்கத்தில் அவருக்கு அணுக்கமாகிவிட்டார். சென்னை எப்போதும் அப்படித்தான்.

கையெழுத்தே போடாத தகப்பன் ஒருவரின் கதை சிங்கப்பூரில் நடந்தது. அங்குள்ள பழைய தலைமுறைத் தமிழர்களிடம் 'நத்ரா' என்றால் போதும், கலவரம் நினைவுக்கு வரும். 1937-இல் ஜாவாவில் பிறந்த மரியா ஹெர்தோவின் தகப்பன் டச்சு ராணுவத்தில் சார்ஜண்டு. ஜப்பானியர் வந்தபோது பிடிபட்டு, போர்க்கைதியாக ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்த இடைவெளியில், 1942 கடைசியில், தாய் குழந்தையை அமினா என்ற மலாய்ப் பெண்ணிடம் கொடுத்தார். கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளத்தான் கொடுத்தேன் என்றார் தாய். எனக்கே கொடுத்துவிட்டார் என்றார் அமினா. குழந்தை நத்ராவாக, முஸ்லிமாக, திரெங்கானுவின் கெமாமனில் வளர்ந்தது. போர் முடிந்து சிறையிலிருந்து வந்த தகப்பன் மகளைத் தேடச் சொன்னார். 1949-இல் கண்டுபிடித்தார்கள்.

1950 முழுக்கச் சிங்கப்பூர் நீதிமன்றங்களில் இழுபறி. நடுவில் ஆகஸ்டில் பதின்மூன்று வயது நத்ராவுக்கு மன்சூர் அடாபி என்ற ஆசிரியரோடு நிக்காஹ் நடந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி நீதிபதி பிரவுன் தீர்ப்பளித்தார்: பெண் டச்சுச் சட்டத்துக்கு உட்பட்டவள், கல்யாணம் செல்லாது. தாய் என்ன சொல்லிக் கொடுத்திருந்தாலும் தகப்பன் சம்மதிக்கவில்லை, தகப்பனின் உரிமை அப்படியே இருக்கிறது. தீர்ப்பைவிடப் பெரிய கோபத்தைக் கிளப்பியது, பெண்ணை ஒரு கிறிஸ்தவ மடத்தில் தங்கவைத்ததும், அங்கே பத்திரிகைக்காரர்கள் எடுத்த படங்களும். நத்ராவுக்காக இயங்கிய நடவடிக்கைக் குழுவின் முன்னணியில் இருந்தவர் ஒரு தமிழ் முஸ்லிம், பத்திரிகையாளர் எம்.ஏ. கரீம் கனி. டிசம்பர் 11-ஆம் தேதி தொடங்கிய கலவரத்தில் 18 பேர் செத்தார்கள், 173 பேர் காயமடைந்தார்கள். மரியா ஹாலந்துக்கு அனுப்பப்பட்டாள். எட்டு வருஷம் வளர்த்த அமினாவுக்குச் சட்டத்தில் ஒரு பெயரும் இல்லை. தகப்பனைக் கேட்காமல் கொடுத்தது தவறு என்பதை ஒப்புக்கொண்டாலும், எட்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தத் தவறை இப்படிச் சரிசெய்தது நியாயமா என்ற கேள்வி அந்த ஊரில் ஓய்ந்தபாடில்லை.

இந்தியாவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தாய்க்கு ஒரு படி ஏற்றம் கொடுத்தது. கொடுக்கும் உரிமை தகப்பனுக்கே, ஆனால் தாயின் சம்மதம் வேண்டும். இருவருக்கும் சம உரிமை, ஒருவர் மற்றவரின் சம்மதத்தோடு என்று ஆவதற்கு 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட ஐம்பத்துநான்கு வருஷம்.

சேலத்துக்காரர்களிடம் தகப்பன் உரிமை என்று பேச்செடுத்தால் வேறொரு நினைப்பும் வரும். பெண் குழந்தை பிறந்ததும் கொல்லும் கொடுமைக்குப் பெயர்போன மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1992-இல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை இங்கேதான் தொடங்கியது. ஆஸ்பத்திரிகளிலும் அரசு அலுவலகங்களிலும் தொட்டில் வைத்தார்கள். கொல்ல வேண்டாம், இங்கே விட்டுவிட்டுப் போங்கள், பெயர் கேட்க மாட்டோம். 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும், பிறகு 2011-இல் கடலூர், அரியலூர் போன்ற இடங்களுக்கும் விரிந்தது. அந்தத் தொட்டிலில் கிடந்த குழந்தைகளில் எத்தனையோ தகப்பன் அறியாமல் வந்தவை அல்ல, தகப்பனும் மாமியாரும் சொல்லித் தாய் அழுதுகொண்டே விட்டவை. சம்மதம் கேட்கப்படாதவள் அங்கே தாய். தகப்பன் உரிமைக்காகக் குரல் கொடுக்கிறவர்கள் இந்தத் தொட்டிலைத் தாண்டித்தான் வர வேண்டும்.

தாய் தகப்பன் இருவரையுமே கேட்காத கொடுமையும் நடந்தது. 2005-இல் சென்னையில் ஒரு தத்து நிறுவனம் அம்பலமானது. தெருவிலும் குடிசை வாசலிலும் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய் விற்றவர்கள் அங்கே கொடுத்திருந்தார்கள். பொய்யான ஒப்படைப்புப் பத்திரங்களோடு குழந்தைகள் வெளிநாடு போயிருந்தார்கள். புளியந்தோப்பில் 1999-இல் காணாமல்போன ஒரு பையன் நெதர்லாந்தில் வளர்வதாகத் தெரிந்தது. வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. பெற்றோர் அந்த நாட்டு நீதிமன்றத்தின் கதவைத் தட்டும் நிலை வந்தது. அவர்கள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் அல்லர். அவர்கள் பெயரில் வேறு யாரோ போட்டிருந்தார்கள்.

இத்தகைய மோசடிகளுக்குப் பிறகு விதிகள் இறுகின. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் மதம், சாதி, பழங்குடி என்று பார்க்காமல் எல்லோருக்கும் பொருந்துவது. குழந்தையை ஒப்படைக்க வரும் தம்பதியில் இருவரும் குழந்தைகள் நலக் குழு முன் கையெழுத்திட வேண்டும். ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். மனம் மாறினால் இரண்டு மாதத்துக்குள் திரும்பப் பெறலாம். ஒருவர் மட்டும் வந்து, மற்றவர் எங்கே என்று தெரியாவிட்டால் அது கைவிடப்பட்ட குழந்தை என்று கணக்கில் வரும். அப்போது நாளிதழில் படத்தோடு விளம்பரம், பெற்றோரைத் தேடல், அதன் பிறகுதான் தத்துக்கு உகந்த குழந்தை என்ற அறிவிப்பு. ஊரைவிட்டுத் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போன தகப்பனுக்கு அந்தப் பத்திரிகை விளம்பரம்தான் நோட்டீஸ். 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தத்து ஆணையில் கையெழுத்திடுபவர் நீதிபதி அல்ல, மாவட்ட ஆட்சியர்.

கல்யாணம் ஆகாமல் பிறந்த குழந்தைக்கு இந்த விதிகளில் தகப்பனே இல்லை. தாய் மட்டும் ஒப்படைக்கலாம். 2015 ஜூலை 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தன் மகனைத் தனியாக வளர்த்த டெல்லித் தாய் ஒருவரின் வழக்கில், பாதுகாவலர் மனுவில் தகப்பன் பெயரைச் சொல்லவோ அவருக்கு நோட்டீஸ் அனுப்பவோ வேண்டியதில்லை என்றது. எட்டிப் பார்க்காத ஒருவனின் கையெழுத்துக்காகத் தாயை அலைக்கழிப்பதில் அர்த்தமில்லை என்ற நியாயம் அதில் இருக்கிறது. எல்லாத் தகப்பனும் எட்டிப் பார்க்காதவன் அல்ல என்பதுதான் சிக்கல்.

திருவனந்தபுரத்தில் 2020 அக்டோபரில் பிறந்த ஆண் குழந்தை அதற்குச் சாட்சி. பெண்ணின் குடும்பத்துக்கு அந்த உறவு பிடிக்கவில்லை. பிறந்து சில நாளே ஆன குழந்தையை வாங்கிக்கொண்டு போன பெண்ணின் தந்தை, கேரளத்தின் தொட்டில் திட்டமான அம்மத்தொட்டிலின் பொறுப்பில் உள்ள குழந்தைகள் நல அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டார். குழந்தை ஆந்திரத் தம்பதியிடம் தத்துக்குப் போனது. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து போலீஸ், கட்சி அலுவலகம், அரசு அலுவலகம் என்று பல மாதங்கள் ஏறி இறங்கினார்கள். தலைமைச் செயலக வாசலில் உட்கார்ந்து தாய் போராடியபோதுதான் மாநிலம் திரும்பிப் பார்த்தது. 2021 நவம்பரில் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவானது. தாய், தகப்பன் இருவருடைய மாதிரியையும் எடுத்தார்கள், இரண்டும் பொருந்தின. ஆந்திரத் தம்பதி ஏற்கெனவே குழந்தையைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். நவம்பர் 24-ஆம் தேதி குடும்ப நீதிமன்றம் குழந்தையைப் பெற்றவளிடம் ஒப்படைத்தது.